எண்ணிச் சொல்லு என்றேன்

அன்புள்ள மனைவிக்கு,

இன்று செவ்வாய். காலை பத்தேகால் மணிக்கு நரம்பியல் டாக்டர் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு என்னிடம் நேரில் சொன்னது: நம் மகளின் தலைக்குள் கட்டி இல்லை, ரத்தக்கசிவும் இல்லை. இதை எழுதும்போது அவள் வார்டு கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறாள். நீ வெளியூரில் பதறக்கூடாதென்று ஞாயிற்றுக்கிழமை 'லேசான காய்ச்சல்' என்று உனக்கு அனுப்பியது பொய். போனில் பேசினால் இப்போதும் பாதியை மறைத்துவிடுவேன். அதனால்தான் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன்.

விடுமுறை விட்டதிலிருந்து அவள் ஒரு விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். எட்டுக்கால் டைமர் சில்லு, இரண்டு மூன்று ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், பளீரென்ற ஒரு வெள்ளை எல்.இ.டி. நொடிக்கு ஒன்றிரண்டு முறை மின்ன வேண்டும். ஆனால் எரிந்தபடியே இருந்தது. பாட்டரியை மாற்றினாள், சில்லை மாற்றினாள். நானும் என் பங்குக்கு ஒரு வயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகினேன். "அப்பா, நீங்க பேப்பர் படிங்க. அதுவே பெரிய உதவி" என்றாள்.

ஞாயிறு மதியம் மூன்றரைக்கு அவளே கண்டுபிடித்தாள். விளக்கு விடாமல் மின்னிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில். கெபாசிட்டரைப் பெரியதாகப் போட்டால் வேகம் குறையுமாம். டப்பாவைக் கொட்டித் தேடி ஒன்றைப் போட்டாள். விளக்கு படபடவென்று துடித்தது.

டாக்டரிடம் சொன்னதை உன்னிடமும் சொல்ல வேண்டும். எவ்வளவு வேகம் என்று கேட்டேன். ரொம்ப வேகம் என்றாள். முப்பத்தொரு வருடம் செய்தி எழுதியவனுக்கு 'ரொம்ப' போதவில்லை. "குத்துமதிப்பா சொல்லாத. கிட்டப் போய் எண்ணிச் சொல்லு" என்றேன். திரைச்சீலையை இழுத்து அறையை இருட்டாக்கியதும் நான்தான். மேசையில் தாடையை வைத்து, ஒரு சாண் தூரத்தில் விளக்கைப் பார்த்தபடி எண்ணத் தொடங்கினாள். ஏழு வரை கேட்டது. அப்புறம் நாற்காலி சாய்ந்த சத்தம்.

வலிப்பு இரண்டு நிமிடம் பத்து நொடி நீடித்தது. அந்த நேரத்திலும் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். என் அலறல் கேட்டு ஓடிவந்த கீழ்வீட்டுக் கம்பவுண்டர்தான் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார், அவள் கையில் சாவியைத் திணிக்கப்போன என்னைத் தள்ளிவிட்டார்.

திங்கட்கிழமை மருந்து மயக்கம் தெளிந்ததும் முதலில் உன்னைக் கேட்டாள், அடுத்து விளக்கைக் கேட்டாள். "அந்தக் கெபாசிட்டர் மேல என்ன போட்டிருக்கு, பாத்துட்டு வாங்கப்பா." துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். பத்து மைக்ரோஃபாரட் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான். அப்படியானால் வேகம் பத்து மடங்கு, நொடிக்குப் பதினைந்து முறை என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். டாக்டர் அந்த எண்ணை எழுதிக்கொண்டார், அடிக்கோடும் போட்டார்.

ஒரு தடவை வந்ததை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்கிறார். வியாழன் காலை ஒன்பதரைக்கு மூளை அலைப் பதிவு. தலையில் கம்பிகளை ஒட்டி, கண்ணெதிரே வேண்டுமென்றே ஒரு விளக்கை மின்னவிடுவார்கள், பல வேகங்களில். பதினைந்தும் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார், கோளாறு தெரிந்த நொடியே நிறுத்திவிடுவோம் என்றும் சொன்னார். அவளுக்குப் பயமில்லை. அந்த மெஷினுக்குள் என்ன சில்லு இருக்கும் என்று நர்சைத் துளைத்துக்கொண்டிருக்கிறாள். என் நிலைமை இந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி: குடும்பத்தில் வேறு யாருக்காவது வலிப்பு இருந்ததா? என் பக்கம் இல்லை. அக்காவிடம் கேட்டு உறுதிசெய்துவிட்டேன். உன் அண்ணன் பத்தொன்பது வயதில் குளத்தில் மூழ்கிப்போனார் என்று கல்யாணத்துக்கு முன் சொன்னாய். நன்றாக நீந்துவார் என்று பின்னால் உன் சித்தி வாயிலிருந்து வந்தது. அன்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊரையெல்லாம் கேள்வி கேட்டவன், உன்னிடம் கேட்கத் துணியவில்லை. இப்போது கேட்கிறேன்.

குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அதற்கு இங்கே நான் ஒருவன் போதும். படிவத்தை வியாழன் காலை எட்டரைக்குள் கொடுக்க வேண்டும். பதிவின் முடிவு வெள்ளி மாலை ஐந்து மணிக்கு என்றிருக்கிறார்கள். எதுவானாலும் மறைக்காமல் எழுது. அந்தக் கட்டத்தை உனக்காகக் காலியாக வைத்திருக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் கணவன்