நம்ம வயலுக்குக் கீழே ஒரு பாட்டில்

சுஞ்சோன்
12 ஜூன் 2007

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனை எடுக்க மாட்டேங்கிறீங்க, அதனால கடிதம். அண்ணிக்கு முதுகுவலி தேவலையா?

மழைக்கு முன்னாடி, ஆபீஸ் வேலையா, நம்ம மலை ஓடையில வயலுக்கு வயல் தண்ணி பிடிக்கப் பாட்டில் கட்டப் போறேன். எந்த வயல்லேருந்து எவ்வளவு மண் அடிச்சுட்டு வருதுன்னு தெரிஞ்சிடும். கீழே ஏரி சேறாக் கிடக்கு, மீனெல்லாம் செத்து மிதக்குது. ஊர்க்கூட்டத்துல நீங்களே எதிர்த்துப் பேசினாலும் கட்டுவேன்.

உங்கள் தங்கை
இன்சுக்

கங்வோன் மலை
3 ஜூலை

பெரிய ஆராய்ச்சிக்காரி இன்சுக்குக்கு,

அண்ணிக்குத் தேவலை. தலைவலி எனக்குத்தான், உன்னால.

எல்லார் வயலுக்குக் கீழேயும் கட்டிட்டு நம்ம வயலை மட்டும் விட்டுட்டியே! கடையில உட்கார்ந்து கள்ளு குடிக்க முடியலை. "அண்ணன் வயல்ல பன்னீரா ஓடுது?"ன்னு சிரிக்கிறானுங்க. உன் தயவு எனக்கு எதுக்கு? நானே முளை அடிச்சு வைக்கிறேன், வந்து கட்டு. யார் தண்ணி கலங்கல்னு பார்த்துடலாம்.

தொக்பே

சுஞ்சோன்
20 செப்டம்பர்

அன்புள்ள அண்ணா,

பார்த்தாச்சு. நம்ம வயல்தான் ரொம்ப மோசம். கோஸ் நல்லா வரணும்னு வருஷா வருஷம் லாரி லாரியாப் புது மண்ணைச் சரிவுல கொட்டுறீங்களே, அத்தனையும் மழையோட ஏரிக்குப் போகுது. அறிக்கையில நம்ம வயல் பேர்தான் முதல்ல வருது. "சொந்த அண்ணன்தானே, விட்டுடேன்"னாரு மேலதிகாரி. முடியாதுன்னுட்டேன். மண் கொட்டத் தடை வரலாம். திட்டுங்க, ஆனா பதில் போடுங்க.

இன்சுக்

கங்வோன் மலை
8 நவம்பர்

இன்சுக்,

திட்டத்தான் எழுதுறேன். ஊர்ல ஒருத்தனும் என்னோட பேசறதில்லை. உன் அளவு பொய்னு கையெழுத்துக் கேட்டு வீட்டுக்கே வந்தானுங்க. முளை அடிச்சவனே நான், எப்படிடா போடுவேன்னு துரத்திட்டேன்.

அதுக்காக உன்னை விட்டுடுவேன்னு நினைக்காதே. காட்டை வெட்டி உழச் சொல்லி அப்பா கையில மண்வெட்டி கொடுத்தது யாரு? சர்க்கார்தானே? அதையும் எழுது. எழுதலைன்னா இந்த வருஷம் கிம்ச்சி ஊறுகாய் போட இந்த வாசல் மிதிக்காதே. எழுதினா, கத்தியோட வா. கோஸ் குவிஞ்சு கிடக்கு, அண்ணியால குனிய முடியலை.

மேல்வயலுக்கு இனி மண் லாரி வரவேண்டாம்னுட்டேன். உனக்காக இல்லை.

தொக்பே

சுஞ்சோன்
19 நவம்பர்

அன்புள்ள அண்ணா,

முதல் பக்கத்துலயே எழுதினேன், அப்பா பேரோட. அந்தப் பக்கத்தை எடுத்தாத்தான் வேலை நிலைக்கும்னாங்க ஆபீஸ்ல. எடுக்கலை. இனி எனக்கு எல்லா நாளும் லீவுதான்.

அண்ணியை உட்காரச் சொல்லுங்க. கத்தி தீட்டியாச்சு, வரேன்.

இன்சுக்