கிட்டத்துத் தீவு

அன்புள்ள குட்டிக்கு,

காலமெல்லாம் பிடிவாதம் பிடித்த மனிதர் ஒருநாள் நாம் சொன்னதற்குச் சரியென்று தலையாட்டிவிட்டால், சந்தோஷப்பட வேண்டுமா, பயப்பட வேண்டுமா? எனக்குப் பதில் தெரியவில்லை. உன் அப்பா தூரத்துத் தீவை விட்டுவிட்டார். படகைக் கிட்டத்துத் தீவிலேயே கட்டிவைக்கலாம் என்கிறார்.

போனில் நீ கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவந்தேன். அப்போதெல்லாம் அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

முதலில் படகைப் பற்றி. நீ படிக்கப் போகும்போது வெறும் கூடாக இருந்ததே, இப்போது அதற்குள் ஒரு வீடே வந்துவிட்டது. எதிரெதிராக இரண்டு படுக்கைகள், அவற்றுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நேராகவே நிற்கும் தொங்கும் அடுப்பு ஒன்று. பட்டறைக்குப் போகும்போதெல்லாம் அப்பா அதை ஒரு தட்டு தட்டி ஆடவிட்டு, "எங்க வீட்டம்மா மாதிரி, உலகமே சாஞ்சாலும் இது சாயாது" என்று படகு கட்டும் மேஸ்திரியிடம் சொல்லிச் சிரிப்பார். குளிர்பெட்டி வேண்டாம் என்றேன். "லீவுக்குப் போற இடத்துலயும் வெந்நீரைத்தான் குடிக்கணுமா?" என்று வாங்கிவிட்டார்.

தீவு விஷயத்தில் எங்கள் சண்டை உனக்குத் தெரியும். அவருக்கு மனித வாடையே இல்லாத அந்தத் தூரத்துத் தீவின் குடா. எனக்குப் படகுத்துறையும் ஆஸ்பத்திரியும் இருக்கிற கிட்டத்துத் தீவு. போன மாதம் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், "கிட்டத்துத் தீவே இருக்கட்டும்" என்றார். டாக்டர் சொன்னது இதுதான்: இனி மருந்து வலியைத்தான் குறைக்கும், நோயை அல்ல. உன் பரீட்சை முடியும்வரை உனக்குத் தெரியக்கூடாது என்று வழியிலேயே என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

பயந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு அது பொறுக்கவில்லை. தூரத்துத் தீவுக்கே போகலாம், உங்கள் குடாவிலேயே தங்கலாம் என்று நான் மல்லுக்கு நின்றேன். "இப்பத்தான் உன் பேச்சைக் கேக்கறேன், அதுக்கும் சண்டையா?" என்றார். படகுக்குள் நெடுகக் கைப்பிடிகள் வைக்கச் சொன்னபோதும், நடை தள்ளாடுகிறது, அதற்காகத்தான் என்று முடிவுகட்டிக்கொண்டேன். வகுப்பில் பிள்ளைகளிடம், ஒரே ஒரு விளக்கத்தோடு திருப்திப்படாதீர்கள் என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

நேற்று தனியாகப் பட்டறைக்குப் போனேன். உள்ளே நடந்தபோது ஒவ்வொரு கைப்பிடியும் என் கைக்குத் தானாக வந்து அகப்பட்டது. அப்பாவின் உயரத்துக்கு அவர் குனிய வேண்டும். பாய்க் கயிறுகள் எல்லாவற்றையும் சுக்கான் பக்கத்து இருக்கைக்கே கொண்டுவந்திருந்தார்கள். இப்படி ஏன் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "அம்மா ஒத்தை ஆளா ஓட்டணும், எந்திரிச்சுப் போகாம எல்லாம் கைக்கு எட்டணும்னு சார்தான் சொன்னாரு. கிட்டத்துத் தீவுன்னா நீங்க தனியாவே போயிட்டு வந்துடலாமாம். உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார். தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குக் கடல் பிடிக்காது, குட்டி. அவருக்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரியாது என்று இப்போதுதான் தெரிகிறது. அவர் இல்லாத சனி ஞாயிறுகளுக்கு எனக்கு ஒரு இடம் செய்துவைக்கிறார். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லப்போவதில்லை.

வாக்கை மீறி உனக்கு எழுதிவிட்டேன். பரீட்சையை அடுத்த வருடம் எழுதலாம். அவர் திட்டினால் என்னைத்தான் திட்டுவார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் இப்போது இங்கே இரு.

அன்புடன்,
அம்மா

மறுநாள் மாலை:

கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. இன்று படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். அப்பாவும் வந்தார். ஏணி ஏற முடியவில்லை, துறையிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். மேஸ்திரி முன்பக்கம் நிற்க, நான் சுக்கானைப் பிடித்தேன். "இடது! அது உன் வலதும்மா, இடது!" என்று அப்பா கத்தியதில் துறையே திரும்பிப் பார்த்தது. பிறகு குரல் போய்விட்டது, கையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று முடித்து நான் கரைக்கு வந்தபோது லேசான குறட்டையோடு அப்படியே தூங்கிப்போயிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. மேஸ்திரி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து, நாற்காலியோடு கார்வரை தூக்கி வந்தோம். கனக்கவே இல்லை, குட்டி.