குட்டையில் நீ விட்ட தவளைகள்

என் செல்ல நைனாவுக்கு,

ஆரம்பாக்கத்தில் நல்ல மழை. கழனியெல்லாம் தண்ணீர். அம்மா சௌக்கியம், டீயில் சர்க்கரையை மட்டும் இன்னும் உன் அளவுக்கே போடுகிறாள்.

நான் இப்போதும் கம்பெனி மதிலுக்குப் பின்னால் இருக்கும் குட்டைக்குத்தான் போகிறேன். "படிச்சி படிச்சி கடைசில தவள எண்ற வேல வாங்கிக்கினியே மா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாயே, அதே வேலைதான். தவளை தோலாலும் மூச்சு விடும், தோலாலேயே தண்ணீர் குடிக்கும். தண்ணீர் கெட்டால் முதலில் அடிபடுவது அதுதான். கம்பெனிக் கழிவுநீர் வருவது நின்ற பிறகும் குட்டை தேறவில்லை, செத்த குட்டைதானே, மண் கொட்டி மூடிவிடலாம் என்று ஊரில் பேச்சு. செத்ததா, உயிர் இருக்கிறதா என்று நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் நினைவிருக்கிறதா? பாதி மழைக்காலம் போயும் குட்டையில் ஒரு தவளை இல்லை. திடீரென்று ஒரு நாள் கரை முழுக்கத் தவளை. நான் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். நீ நாஷ்டாவை விட்டு நிமிரவே இல்லை.

"நான்தான் நம்ம கயினிலேர்ந்து ஒரு பக்கெட்டு புட்சாந்து உட்டேன். நீ பேஜாரா இருந்தியே, அதான்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "நைனா, இருக்குதா இல்லியான்னு பாக்கறதுதான் என் வேல."

"இல்லன்னா?"

"இல்லன்னு எழுதணும்."

"இன்னா வேல மா இது" என்றாய், நிஜமான கவலையோடு.

உயிர்களைப் படிப்பதென்றால் முக்கால்வாசி கைவைக்காமல் பார்ப்பதுதான் என்று அன்று உனக்குச் சொன்னேன். கெட்ட குட்டையை மட்டும் பார்த்தால் போதாது. அதே மழையில் நல்ல குட்டை எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் குறை தண்ணீரிலா, மழையிலா என்று தெரியாது. ஒருமுறை கண்டதை நம்பாமல் திரும்பத் திரும்பப் போக வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப என் தவள?" என்றாய். அவை கொஞ்ச நாளில் காணாமல் போனபோது என்னைவிட உனக்குத்தான் வருத்தம்.

இன்று காலை குட்டை ஓரத்துப் புல்லில் தவளை முட்டைகள், வெந்த ஜவ்வரிசிபோல் கொத்துக் கொத்தாக. பார்த்ததும் உன்மேல்தான் சந்தேகம் வந்தது. மறுபடியும் ஆரம்பித்துவிட்டாயா என்று பல்லைக் கடித்துக்கொண்டு, உன்னைத் திட்ட வீட்டுப் பக்கம் திரும்பிக்கூட விட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது. கரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அம்மாவையும் கேட்டேன், "நீ எதுனா புட்சாந்து உட்டியா?"

"எனக்கு வேற வேல இல்ல பாரு."

ஆக, தானாகத்தான் வந்திருக்கின்றன. குட்டை பிழைத்துவிட்டது போலிருக்கிறது. போலிருக்கிறது என்றுதான் இப்போதைக்குச் சொல்வேன், இன்னும் பல மழை பார்க்க வேண்டும். அதுவரை மண் கொட்ட வேண்டாம் என்று ஊரில் கேட்டேன், சரி என்றார்கள்.

முட்டை தலைப்பிரட்டையாகி, கால் முளைத்துக் கரையேறும்வரை ஒரு விரல்கூட வைக்க மாட்டேன். ஏறியதும் முதலில் உனக்குத்தான் சொல்வேன். இந்த வருஷம் குட்டையில் யாரும் கைவைக்கவில்லை, கணக்கு சுத்தம். நீ இருந்து அதைக் கெடுத்திருக்கலாம், நைனா.

தவளை எண்ணும் உன் பொண்ணு