ஸ்டூலைப் பிடிக்க ஓர் ஆள்

மார்ச் 3

வாயாடிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொடுப்பதெல்லாம் ஒரு வேலையா? நாளெல்லாம் பள்ளிச் சீருடை தைக்கிறவள் நான். துணி எங்கே கிழியும், நூல் எப்போது விடும் என்று எனக்கா தெரியாது? அந்தப் பாராசூட் துணியை நம்பித்தான் நீ குதிக்கிறாய். போனில் கேட்டால் பேசியே மடக்கிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். விட்டுவிடேன், கண்ணு.

இல்லையென்றால் குதிக்கிற நாளையாவது முன்கூட்டியே சொல். இறங்கியதும் ஒரு போன். அதுவரை என் கை சும்மா இருக்காது, பரணைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அம்மா

மார்ச் 12

அன்புள்ள அம்மா,

பரணுக்கு எதில் ஏறுகிறாய்? ஆடுகிற காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறாயே, அந்த ஸ்டூலிலா? எனக்குத் துணி இரண்டு இருக்கிறது. ஒன்று விரியாவிட்டால் இன்னொன்று. கூட இருப்பவர் என் பக்கிள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துத் தோளில் தட்டினால்தான் கதவுப் பக்கமே போவேன். உன் தோளில் யார் தட்டுகிறார்கள்? குளியலறையில் வழுக்கியும் மாடிப்படியில் தவறியும் எத்தனை பேர் போய்ச்சேர்ந்தார்கள், அவர்களெல்லாம் விமானத்திலிருந்தா குதித்தார்கள்?

சண்டைக்கு வராதே. ஸ்டூலைப் பிடிக்க ஓர் ஆள் வைத்துக்கொள், போதும். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு குதிக்கிறேன். இறங்கியதும் போன்.

உன் வாயாடி

மார்ச் 20

வாயாடிக்கு,

சிரித்தேன், ஆனால் கோபம் தீரவில்லை. ஸ்டூலில் ஏறுகிறவளுக்குத்தான் புத்திமதியெல்லாம். சரி, பக்கத்து வீட்டு அக்காவைப் பிடிக்கச் சொல்கிறேன். உனக்கு நீலத்தில் ஒரு சட்டை வெட்டியிருக்கிறேன். நீ வந்ததும் அளவு பார்த்துக் கை தைத்துவிடலாம். ஞாயிறன்று போனைக் கீழே வைக்க மாட்டேன்.

அம்மா

மே 2

அம்மா,

இதை எங்கே அனுப்புவது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

அந்த ஞாயிறு நான் குதிக்கவே இல்லை. காற்று அதிகம் என்று விமானத்தை எடுக்கவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து டீ குடித்தோம், சீட்டாடினோம். குதிக்கவே இல்லையே, போன் எதற்கு, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா நன்றாகத்தான் ஸ்டூலைப் பிடித்திருக்கிறார். நீ பத்திரமாக இறங்கியும்விட்டாய். அவர் வீட்டுக்குப் போன பிறகும் என் போன் வரவில்லை.

"இன்னும் போன் வரலையே, அந்த மூலையையும் துடைச்சிடுறேன்னு ஜன்னல்ல சொன்னாங்கம்மா. இருங்க, வரேன்னேன். அதுக்குள்ள ஏறிட்டாங்க" என்று அழுகிறார்.

ஒரு கையில் துணி, மறு கையில் போன். ஸ்டூல் சாய்ந்தபோது பிடித்துக்கொள்ள உனக்குக் கை இல்லை. என்னால்தான் அம்மா.

நேற்று மறுபடி குதித்தேன். எல்லோரும் வேண்டாம் என்றார்கள். கை தைக்காத நீலச் சட்டையை உள்ளே போட்டிருந்தேன். பக்கிளை இழுத்துப் பார்த்தார்கள், தோளில் தட்டினார்கள், ஒரு குறையும் இல்லாமல் இறங்கினேன்.

இறங்கியதும் உனக்குப் போன் பண்ணினேன். உன் போன் என் பைக்குள்தான் அடித்தது.

உன் வாயாடி