சனியைப் பிடித்துவைக்கும் பெட்டி

6.9.93, திங்கள்
வெயில். புழுதி. தொலைநோக்கியைத் திருப்ப அப்பா பட்டறையில் பித்தளைப் பற்சக்கரம் கடைந்து முடித்தார். பற்களுக்கிடையே மயிரளவு ஆட்டம் இருந்தாலும் வானத்தில் பெரிய துள்ளலாம்.

நூலகப் புத்தகத்தில்: இராட்சதத் தொலைநோக்கிகளுக்கு அலுமாரி அளவில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள். பூமி சுழலும் வேகத்துக்கு ஏற்பக் குழாயைத் திருப்பும். கண்ணாடி எங்கள் கிணற்றைவிட அகலம். பகல் முழுக்க மனசுக்குள் அந்த அலுமாரிகளுக்கிடையே நடந்துகொண்டிருந்தேன். கணித ரீச்சரிடம் ஏச்சு.

எங்கள் பெட்டி பிஸ்கற் தகரம். உள்ளே டயோட், சுவிச், பழைய றேடியோக் குமிழ். மோட்டர் கசெற் பிளேயரிலிருந்து. சண்டை தொடங்கியபின் கரன்ற் ஏது, சைக்கிள் டைனமோதான். என் வகுப்பு ஜெசிந்தா விறாந்தையில் மிதிக்க, முற்றத்தில் பள்ளிக்கூடத் தொலைநோக்கி மெல்லத் திரும்பும்.

அம்மா: "வீட்டுக்குள்ளை மிதிச்சு எந்த ஊருக்கடி போறியள்?"

7.9, மாலை
சனி! வளையத்தோடு! அசையாமல் நின்றது.

அம்மா: "கோயிலிலையே சனீஸ்வரனுக்கு நேரை நிக்கிறேல்லை. நீ தேடிப்போய்ப் பாக்கிறியே?"

ஜெசி விறாந்தையிலிருந்து, கழுத்துச் சிலுவையைத் தூக்கிக் காட்டி: "நான் வேதக்காரி அன்ரி, என்னைப் பிடிக்காது."

ஆனால் அவள் பார்க்கவில்லை. இறங்கி ஓடி வருவதற்குள் சனி நழுவிவிட்டது. கையால் திருப்பினால் குழாய் நடுங்குகிறது. பிறகு நான் மிதித்தேன்.
ஜெசி: "துள்ளுதடி! வளையம் எங்கை?"

8.9
ஜெசி வீட்டாருக்கு ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் கிடைத்துவிட்டது. வெள்ளி இரவு புறப்பாடு. கொழும்பு, பிறகு கனடா. அதற்குள் அவள் பார்க்க வேண்டும்.

எப்படி ஒரே சீராக மிதிக்கிறாள்? கேட்டேன்.
"மனசுக்குள்ளை செபமாலை சொல்லுவன். சொல்லுக்கொரு மிதி."

நான் தேவாரம் பாடி மிதித்தேன். இழுத்துப் பாடும் இடத்தில் காலும் இழுத்தது. குழாய் பின்தங்க, சனி முன்னே நழுவிப் போனது.

9.9
முகில். ஒன்றும் தெரியவில்லை. கிணற்றடியில் ஜெசியின் செபத்தைப் பாடமாக்கினேன்.
அம்மா: "எப்ப வேதத்துக்கு மாறினனீ?"
"இது மோட்டருக்கு அம்மா."

10.9, வெள்ளி
மாலை வரை முகில். இருட்டியதும் கிழக்கில் கொஞ்சம் கிழிந்தது.

ஜெசி பயண உடுப்போடு முற்றத்தில். நான் சைக்கிளில், முதுகு அவள் பக்கம். சொல்லுக்கொரு மிதி. சனி நிற்கிறதா, போய்விட்டதா? திரும்பினால் கால் பிசகும்.

வாசல் படலையில் அவளின் அப்பா: "பிள்ளை, நேரம் போகுது!"

"பொறுங்கோ அப்பா. அசையாமல் நிக்குது."

பிறகு, மிக மெதுவாக, எனக்கு: "நிப்பாட்டாதையடி."