ஐம்பதில் ஒன்று

லூயிஸ்டவுன், மொன்டானா
12 பிப்ரவரி 2011

அன்பு மெர்வின்,

பனி ஜன்னல் விளிம்பு வரை வந்துவிட்டது. என் வெல்மா போன பிறகு வரும் இரண்டாவது குளிர்காலம் இது. பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் காலையில் காப்பியை இன்னும் இரண்டு கோப்பையில்தான் ஊற்றுகிறேன். அவள் சவப்பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் நீ முன்னால் நின்றாய். அந்த உறைபனியில் கால் வழுக்காமல் நீ நடந்ததை நான் மறக்கவில்லை.

அழுதது போதும், விஷயத்துக்கு வருகிறேன். நம் துப்பாக்கிக் காலாண்டிதழ் ஆசிரியர் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறார். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கென்றே செய்த புகையில்லா வெடிமருந்து. கடைக்கு வரவில்லை, பெயர்கூட வைக்கவில்லை, ஓர் எண் மட்டும் ஒட்டியிருக்கிறது. ஜூலைக்குள் சோதித்து எழுத வேண்டும். முப்பது வருஷமாக இந்த மாதிரிக் கட்டுரையில் நம் இருவர் பெயரும் சேர்ந்தேதான் வந்திருக்கிறது. இதிலும் வரட்டும். உன் மகள் ரோண்டா இந்த மாதம் இங்கே சந்தை மாடுகளுக்கு வைத்தியம் பார்க்க வரும்போது பாதியை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஒன்றை மட்டும் கவனி. ரொம்ப அடர்த்தியான மருந்து. நம் நாற்பத்தைந்து காலிபர் ரிவால்வரின் தோட்டாக் கூட்டில் ஓர் அளவு போட்டால் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. தவறி இரண்டாம் தடவை போட்டாலும் வழியாது. ஒவ்வொரு கூட்டையும் விளக்கில் காட்டி உள்ளே பார்த்த பிறகுதான் குண்டை அழுத்து. உனக்குத் தெரியாததையா சொல்லிவிட்டேன்!

போன் பண்ணாதே. இத்தனை வருஷம் சுட்டுச் சுட்டு உன் காதும் என் காதும் போனதில், நாம் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் கேட்கிறது.

என்றும் உன்,
லைல்


சால்மன், ஐடஹோ
3 மார்ச் 2011

ஏ லைல் கிழவா,

மருந்து வந்து சேர்ந்தது. சாம்பல் நிறம், மிளகைத் தட்டையாக நசுக்கியது போல. அன்றைக்கே கொட்டகைக்குப் போய் அடுப்பை மூட்டி உட்கார்ந்துவிட்டேன். ஐம்பது தோட்டாக்களைக் கெட்டித்து முடித்துப் பெட்டியில் அடுக்கியிருக்கிறேன். அடுத்த சந்தைக்கு ரோண்டா கொண்டுவருவாள். உன் வேகமானியில் சுட்டுப் பார்த்து, குண்டு போகும் வேகத்தின் எண்களை எழுது.

அவளோடு ஒரே ரகளை. போன வாரம் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். ஷெரீப் ஆள் வந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனான். "அப்பா, வண்டிச் சாவியைக் குடுத்துடுங்க" என்கிறாள். "மீனு துள்ளுதான்னு பாத்துட்டு இருந்தேன்டி" என்றேன். "மூணு மணி நேரமாவா?" என்று கேட்கிறாள். மீன் துள்ளவில்லை என்றால் நான் என்ன செய்வது?

வெல்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் விசாரித்ததாகச் சொல். வேனிலில் வரும்போது அவள் கையால் ஹக்கிள்பெரிப் பழப் பலகாரம் சாப்பிடாமல் திரும்பமாட்டேன் என்றும் சொல்.

உன் மேல் எப்போதும் பொறாமையுள்ள,
மெர்வின்


லூயிஸ்டவுன்
2 ஏப்ரல் 2011

அன்பு மெர்வின்,

நீ விசாரித்ததை வெல்மாவிடம் சொன்னேன். முழங்கால் இப்போது வலிப்பதில்லை.

உன் ஐம்பதும் வந்தன. சுடும் முன் ஒவ்வொன்றாக எடை பார்த்தேன். ஒன்றிரண்டு ஒத்துவரவில்லை, கொஞ்சம் கூடக் குறைய இருந்தது. உன் தராசு நாம் இளவட்டங்களாக இருந்தபோது வாங்கியது. கொட்டகைக் குளிரில் அதன் முள் சிக்கிக்கொள்கிறதோ என்னவோ. ஒரு புதுத் தராசு வாங்கிப் பாரேன். அதுவரை இந்த மருந்தை அப்படியே வைத்திரு. அவசரம் ஒன்றுமில்லை.

எனக்கு வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். மே கடைசி வரை மலைப்பாதையில் ஓட்டக் கூடாதாம்.

உன்,
லைல்


சால்மன்
20 ஏப்ரல் 2011

லைல்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னோடு மனசுக்குள் பேசவில்லை. கூடக் குறைய இருந்ததாம்! நான் கெட்டித்த தோட்டாவில் யாராவது இப்படிச் சொன்னதுண்டா? எனக்குக் கை போய்விட்டது என்று நினைத்தால் நேராகச் சொல். தராசை ஏன் இழுக்கிறாய்?

கோபம் போனதும் தராசைப் பார்த்தேன். முள் சிக்கத்தான் செய்கிறது. நீ சொன்னதுதான் சரி. புதுசு வாங்கிவிட்டேன், பேட்டரி போட்டது, எண் பச்சையாகத் தெரிகிறது.

உனக்கு மட்டும் சொல்கிறேன். இந்த வீட்டில் இப்போது எல்லாவற்றையும் ரோண்டாதான் செய்கிறாள். என் மாத்திரையை எண்ணி வைக்கிறாள், காலணியைக்கூட எடுத்து வைக்கிறாள். கொட்டகைக்குள் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால்தான் நான் யார் என்று எனக்கு ஞாபகம் வருகிறது. இந்தக் கட்டுரையில் என் பெயரை விட்டுவிடாதே. கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

மே மாதம் சுடப் போகிறோம். என் கை ஆடுகிறது. அதனால் சுடுவது ரோண்டா. நான் வேகமானி பக்கத்தில் உட்கார்ந்து எண்களை எழுதுவேன். அவளுக்கு விருப்பமில்லை, எனக்காக வருகிறாள்.

வெல்மாவுக்கு அன்பு.

மெர்வின்


லூயிஸ்டவுன்
2 மே 2011

அன்பு மெர்வின்,

உன் பெயர் இல்லாமல் கட்டுரை போகாது.

ஆனால் நான் வரும் வரை சுட வேண்டாம். சேர்ந்தே சுடலாம். ஜூன் முதல் வாரம் வருகிறேன்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கண் இன்னும் சரியில்லை, வேறொன்றுமில்லை.

உன்,
லைல்


லூயிஸ்டவுன்
9 ஜூன் 2011

மெர்வின்,

ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று திரும்பினேன். உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ படுக்கை ஓரத்தில் ரோண்டாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

நான் வரும் வரை சுட வேண்டாம் என்று எழுதியது உன் மனசில் நிற்கவில்லை. மே இருபத்தோராம் தேதி, நீ கெட்டித்து அவள் சுட்ட நான்காவது தோட்டாவில் மருந்து இரண்டு தடவை விழுந்திருந்தது. ரிவால்வரின் உருளை பிளந்தது. வலது கைக் கட்டைவிரல் போய்விட்டது, சுட்டுவிரலில் பாதி போய்விட்டது. மாட்டின் வயிற்றுக்குள் கைவிட்டுக் கன்றைத் திருப்பி எடுக்கிற கை. இனி அந்த வேலையை அவள் செய்ய முடியாது என்று டாக்டர் அவள் எதிரிலேயே சொன்னார். அவள் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். நீ அனுப்பிய ஐம்பதையும் மார்ச் கடைசியில் பிரித்துப் பார்த்தேன். மூன்றில் மருந்தே இல்லை. ஒன்றில் இரண்டு அளவு இருந்தது. அதைத் தட்டில் கொட்டிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தராசில் பிழை இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். தராசுக்கு மறதி வராது. வெல்மா முழங்காலைப் பற்றி நீ கேட்டபோதும் தெரியும். மெர்வின், அவள் செத்து ஒன்றரை வருஷமாகிறது. பெட்டியைச் சுமந்தவன் நீ.

உன் மனசு நோகுமே என்று விட்டேன். உன்னிடமிருந்து அந்த ஸ்டூலைப் பிடுங்குகிற ஆள் நானாக இருக்க எனக்குத் தைரியம் இல்லை. இதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ரோண்டா என்னைப் பிடித்துக்கொண்டாள். சக்கர நாற்காலியில் இருந்தாள். கை முழுக்கக் கட்டு.

"மாமா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா."

"எப்போலேர்ந்து?"

"மார்ச்சுலேர்ந்து."

கட்டுப் போட்ட கையை மடியில் இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்: "அப்பாவுக்குத்தான் காது கேக்காது. எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே மாமா. எனக்கு நல்லாத்தானே கேக்குது."

செவிலி வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

கொட்டகையைப் பூட்டிவிடு. சாவியை அவளிடம் கொடு. இதை நான் ஏப்ரலில் எழுதியிருக்க வேண்டும்.

லைல்


சால்மன்
14 செப்டம்பர் 2011

ஏ லைல்,

கோடை முழுக்க உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. செத்துப்போய்விட்டாயா? அப்படியென்றால் ஒரு கார்டாவது போடு.

இங்கே ஏதோ சரியில்லை. கொட்டகைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். யார் போட்டது என்று கேட்டால் "நீங்கதான்பா போட்டீங்க" என்கிறாள் ரோண்டா. நான் ஏன் என் கொட்டகையைப் பூட்டப் போகிறேன்?

அதைவிட இன்னொன்று. அவள் கையில் விரல் இல்லை. வேலைக்குப் போவதில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து இடது கையால் எழுதிப் பழகுகிறாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. எப்படி ஆச்சு என்று கேட்டால் "மாடு மிதிச்சிடுச்சு" என்று ஒரு நாள் சொல்கிறாள், "கேட் கதவுல நசுங்கிடுச்சு" என்று இன்னொரு நாள். பொய் என்று எனக்குத் தெரியாதா?

ஜூனில் நீ ஏதோ எழுதினாயாம். அதைப் படித்துவிட்டு மூன்று நாள் நான் சாப்பிடவில்லையாம், முகத்தில் அறைந்துகொண்டு அழுதேனாம். மறந்துவிட்டு மறுபடி எடுத்துப் படித்தேனாம், மறுபடி அதே கதியாம். கடைசியில் அவள் அதை அடுப்பில் போட்டுவிட்டாள். என்ன எழுதியிருந்தாய் என்று சொல்லமாட்டேன் என்கிறாள்.

நீ சொல். என்னிடம் மறைக்காமல் பேசுகிற ஆள் நீ ஒருவன்தான். என் மகளின் கைக்கு என்ன ஆயிற்று?

மெர்வின்


லூயிஸ்டவுன்
22 செப்டம்பர் 2011

அன்பு மெர்வின்,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

மே மாதம் புது மருந்தைச் சோதிக்க ரோண்டா சுட்டாள். அந்தத் தோட்டாக்களைக் கெட்டித்தது நான். என் கொட்டகையில், என் தராசில், என் கையால். ஒரு கூட்டில் இரண்டு தடவை மருந்தைப் போட்டுவிட்டேன். விளக்கில் காட்டிப் பார்க்கவில்லை. அதை அவளிடம் கொடுத்தனுப்பினேன். துப்பாக்கி வெடித்து விரல் போயிற்று. ஜூனில் நான் எழுதியதும் இதுதான். அதற்காகத்தான் நீ அழுதாய்.

நீ அன்றைக்கு எண்களைத்தான் எழுதிக்கொண்டிருந்தாய். உன் மேல் எந்தப் பிழையும் இல்லை. இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள், வேறெது மறந்தாலும் பரவாயில்லை.

ரோண்டாவை இனிக் கேட்காதே. அவளால் அதைப் பேச முடியவில்லை. கட்டுரையை நான் எழுதவில்லை. மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

லைல்


சால்மன்
1 அக்டோபர் 2011

லைல்,

படித்தேன்.

காலையில் அவள் சட்டைப் பொத்தானைப் பல்லால் இழுத்துப் போடுகிறாள். உதவப் போனால் "விடுங்கப்பா, பழகிக்கிறேன்" என்கிறாள். நாற்பத்தொரு வயதில் என் மகள் பொத்தான் போடப் பழகுகிறாள். நீ விளக்கில் காட்டிப் பார்க்கவில்லை, அதனால்.

எனக்கு இப்போது சில விஷயங்கள் மனசில் நிற்பதில்லை. உன்னிடம் சொல்வதற்கென்ன. ஆனால் இது நிற்க வேண்டும். சவரம் செய்யும் கண்ணாடியில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறேன்: "ரோண்டாவின் கையைக் கெடுத்தவன் லைல். அவனுக்கு எழுதாதே."

இரண்டு தடவை அவள் அதைக் கிழித்துப் போட்டாள். ஏன் என்று கேட்டால் அழுகிறாள். உன் கடிதம் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அதைப் பார்த்து மறுபடி எழுதி ஒட்டிவிட்டேன்.

தினமும் காலையில் அந்த அட்டையை முதல் தடவை படிப்பது போலத்தான் இருக்கிறது.

மெர்வின் டுஃப்ரேன்