அலெக்ஸ் தட்டு

அடுகோடி, பெங்களூர்
4 டிசம்பர் 2003

என் கண்ணான மகன் அலெக்சாண்டருக்கு அம்மா அல்போன்சா எழுதிக்கொள்வது. மாதாவின் துணையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். கையெழுத்து உன் தம்பியுடையது. அவரைக்காய் பிதுக்கிப் பிதுக்கி என் கட்டைவிரல் நகக்கண் வீங்கிவிட்டது, பேனா பிடிக்க முடியவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல நீல் எழுதுகிறான். நடுவில் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்காதே என்று சொல்லியிருக்கிறேன். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் சொந்தச் சரக்கு. அம்மா கண்ணாடி போடவில்லை, பயமில்லை.)

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போன் இருக்கும் ஹாலில்தான் அப்பாவும் இருக்கிறார், உன் பெயர் காதில் விழுந்தால் எழுந்து வாசல் கேட்டுக்குப் போய்விடுகிறார், திரும்பக் கூட்டிவருவதற்குள் எனக்கு உயிர் போகிறது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்தே ராத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. தட்டு வைத்தால் அலெக்ஸ் வரட்டும் என்கிறார். நீ ஷிப்ட் முடிந்து வருகிறவரை காத்திருந்து உன்னோடு சாப்பிட்ட பழக்கம், மற்றதெல்லாம் போய் அது மட்டும் நின்றுவிட்டது. நான் முட்டாள், ஒவ்வொரு முறையும் அவன் மஸ்கட்டில் இருக்கிறான் என்று உண்மையைச் சொல்வேன், அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி, என்னிடம் சொல்லாமல் எப்போது போனான் என்று அழுவார், சாப்பாடு ஆறிப்போகும். சட்டை தோளில் நிற்கவில்லை மகனே. இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் பஸ்ஸிலேயே அழுதேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அப்போதுதான் நம் சர்ச்சில் ஒருத்தர் அனந்தலக்ஷ்மி மேடத்தைப் பற்றிச் சொன்னார். நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். மறதி நோய் வந்தவர்களை வாரம் ஒரு நாள் ஒரு ஹாலில் கூட்டி உட்காரவைத்து, சமையல் வேலை கொடுக்கிறார். ஒரு வாரம் ஆரஞ்சு உரிப்பது, ஒரு வாரம் சப்பாத்தி மாவு பிசைவது, ஒரு வாரம் மசாலாப் பொரி கலப்பது, பிறகு எல்லாரும் சேர்ந்து அதையே சாப்பிடுவது. இது என்ன, இதற்குப் பெயர் என்ன என்று யாரையும் கேட்கக்கூடாது, அது ஒன்றுதான் அங்கே சட்டம். முதல் இரண்டு முறை அப்பா கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் வெறுத்துப்போனது, இவரைக் குளிப்பாட்டி ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போவதற்குள் பாதி ஆளாகிவிடுகிறேன், அங்கே போய் ஜன்னலைப் பார்ப்பதற்கு நம் வீட்டு ஜன்னல் போதாதா.

போன வாரம் அவரைக்காய். உனக்குத்தான் தெரியுமே, இந்த மாதம் வந்தால் பெங்களூரே அவரைக்காய் வாசனைதான். ஊறவைத்த கொட்டையை நியூஸ்பேப்பர் மேல் கொட்டி, தோலைப் பிதுக்கிப் பருப்பு எடுக்க எல்லாரையும் சுற்றி உட்காரவைத்தார் மேடம். ஒத்தாசைக்கு நீலையும் கூட்டிப்போயிருந்தேன், என் புத்தி. இவன் ஒரு கொட்டையைக் குறிபார்த்துப் பிதுக்கி எதிரில் இருந்த சண்முகம் என்பவர் நெற்றியில் அடித்துவிட்டான். (சண்முகம் அங்கிளுக்கு ஆறு முகம், ஒன்றுகூட அவருக்கு ஞாபகமில்லை. இதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதியது தப்பு, இப்போதுதான் தலையில் ஒரு குட்டு விழுந்தது.) அந்த மனிதர் கோபித்துக்கொள்வார் என்று நான் பதறினால், அவர் சிரித்துவிட்டு ஒரு கொட்டையை அப்பா மேல் பிதுக்கினார். அப்பா அவரைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், ஒரு கொட்டையை எடுத்தார். மெஷினில் வேலை செய்த விரல் அல்லவா, அதற்குப் பிறகு நிற்கவே இல்லை, தோல் ஒரு பக்கம் பருப்பு ஒரு பக்கம். அவரோடு போட்டி போட்டுத்தான் என் விரலுக்கு இந்தக் கதி.

பிதுக்கியதைச் சாறு வைத்துச் சோற்றில் ஊற்றிப் போட்டார்கள். அப்பா தன் தட்டைத் தொடாமல், பக்கத்துக் காலி நாற்காலிக்கு முன்னால் இன்னொரு தட்டை நகர்த்திவைத்து, அலெக்ஸ் வரட்டும் என்றார். எனக்கு அப்படியே எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது. அதற்குள் இந்தக் குரங்கு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, உன் குரலிலேயே, "லேட்டாயிடுச்சுப்பா, சிவாஜிநகர்ல பஸ்ஸே கிடைக்கல" என்கிறான். நான் கை ஓங்கிவிட்டேன். அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்து, "கை கழுவினியாடா" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார், இன்னொரு தரம் வாங்கியும் சாப்பிட்டார். ஓங்கின கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சொல்வதைத் திருத்தாதீங்கம்மா, கூட உட்கார்ந்து சாப்பிடுங்க, அது போதும் என்றார் மேடம்.

அன்றிலிருந்து தினமும் ராத்திரி நீல் உன் பழைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போய் முன்வாசல் வழியாக வந்து, உன் தட்டுக்கு முன்னால் உட்காருகிறான். அப்பா சாப்பிடுகிறார். (டபுள் ஆக்ட், சம்பளம் கிடையாது. அப்பா தன் தட்டிலிருந்து மீன் தலையை எடுத்து உன் தட்டில் வைக்கிறார். எனக்கு மீன் தலை ஆகாது. உனக்குப் பிடிக்கும் என்று நானும் சிரித்துக்கொண்டே தின்கிறேன்.) இந்தப் பிள்ளையும் விளையாடப் போவதில்லை, படிப்பும் அரைகுறை. எனக்குப் பாவமாக இருக்கிறது, வேறு வழியும் தெரியவில்லை.

இப்போது நீ கிறிஸ்துமஸுக்கு வருகிறாய். எத்தனை மாதமாக இதற்கு ஜெபித்தேன், வரப்போகிறாய் என்றதும் பயமாக இருக்கிறது. ஒரே மேசையில் இரண்டு அலெக்ஸ் உட்கார முடியாது மகனே. யாருடா இந்த ஆள், என் மகன் இடத்தில் என்று உன்னைப் பார்த்துக் கேட்டாலும் கேட்பார். நான்தானப்பா அலெக்ஸ் என்று நிரூபிக்கப் போகாதே. நீ ஜெயிப்பாய், அவர் பட்டினி கிடப்பார். நேராக வீட்டுக்கு வராதே, முதலில் மேடத்தின் ஹாலுக்கு வா, நாங்கள் அங்கே இருப்போம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் அவரைக்காய் பிதுக்கு. கூடப் பிதுக்குகிறவர்களோடு அவர் தானாகவே பேசுகிறார். என்ன பெயர் வைத்துக் கூப்பிடுகிறாரோ அதற்கு என்னப்பா என்று கேள். வீட்டில் நீலின் தட்டில் சாப்பிடு. பெற்ற அம்மா மகனிடம் கேட்கிற காரியமா இது, கேட்கிறேன்.

பனிக்குக் காதை மூடிக்கொள்ளத் துணி வைத்துக்கொள். ஃபாரின் சென்ட் போட்டுக்கொண்டு வராதே, புது வாசனை அவருக்கு ஆகவில்லை, உன் பழைய சோப்பு வாங்கி வைத்திருக்கிறேன். நல்லபடியாக வந்து சேர். என் ஆசீர்வாதமும், சொல்லத் தெரியாவிட்டாலும் உன் அப்பாவின் ஆசீர்வாதமும் உன் தலைமேல் இருக்கும்.

இப்படிக்கு
உன் அம்மா
அல்போன்சா ஆம்ப்ரோஸ்

(அம்மா மேசையிலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டார், எழுப்பவில்லை. அண்ணா, அம்மாவிடம் சொல்லாத ஒன்று. நேற்று மீன் தலையை என் தட்டில் வைத்துவிட்டு அப்பா என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, "சின்னவன் சாப்பிட்டானாடா?" என்று கேட்டார். சாப்பிட்டான்ப்பா என்று சொன்னேன்.)